கண் தேடாத பொருளைக் கையில் கொடுங்கள்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தால் பென்சிலைக் கடிக்கிறான், சட்டைப் பொத்தானைத் திருகுகிறான், ரப்பரைக் கிள்ளிக் கிள்ளித் துகளாக்குகிறான், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்து போகிறான். கைக்கு வேலை கொடுக்கும் ஃபிட்ஜெட் பொம்மை கொடுத்தால் அடங்குவான் என்று உறவினர் ஒருவர் சொல்ல, அப்பா, விரலில் பிடித்துச் சுழற்றும் விளக்கெரியும் ஸ்பின்னர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் நாளே வகுப்பு ஆசிரியர் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "வேறு எதை வாங்கலாம்? அல்லது இதெல்லாம் வீண் வேலையா?" என்பது கேள்வி.

பதினான்கு ஆண்டுகளாகக் கும்பகோணத்தில் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவராக, இருக்கிறேன். இந்தக் கேள்வியை மாதம் நான்கு பேராவது கேட்கிறார்கள். வீண் வேலை இல்லை. ஆனால் வாங்கிய பொருள் தப்பு. ஆசிரியர் மீது வருத்தம் வேண்டாம், நான் அந்த வகுப்பில் இருந்திருந்தால் முதல் நாளே பிடுங்கியிருப்பேன்.

கும்பேஸ்வரர் கோயில் வாசலில் பூ கட்டும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். கண் வருகிறவர் போகிறவர் மேல் இருக்கும், வாய் முழம் என்ன விலை என்று பேசும், கை மட்டும் வாழைநாரில் கண்ணி கண்ணியாகக் கட்டிக்கொண்டே போகும். கையைப் பார்ப்பதே இல்லை. அவர்களிடமிருந்து நாரைப் பிடுங்கிவிட்டுப் பேசச் சொன்னால் பேச்சு தடுமாறும் என்றுகூட எனக்குத் தோன்றும். திருவையாற்றில் ஆராதனை நாளில் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களும் அப்படித்தான். தொடையில் தாளம் போடாமல் கேட்பவர்கள் குறைவு. அந்தத் தட்டல் அவர்களைப் பாட்டிலிருந்து பிரிப்பதில்லை, பாட்டோடு கட்டி வைக்கிறது.

நல்ல ஃபிட்ஜெட் பொருள் இந்த நாரைப் போலவும் அந்தத் தாளத்தைப் போலவும் இருக்க வேண்டும். கை அதை வைத்துக்கொள்ள வேண்டும், கண் அதை மறந்துவிட வேண்டும். கண் அதைத் தேடினால் அது விளையாட்டுச் சாமான். விளையாட்டுச் சாமான் கெட்டதல்ல, ஆனால் பாட நேரத்துக்கு உரியதல்ல. ஸ்பின்னர் இந்த இடத்தில்தான் தோற்கிறது. சுழல்வதைப் பார்ப்பதற்காகவே செய்த பொருள் அது. விளக்கு வேறு எரிந்தால் கேட்க வேண்டாம், சுற்றியிருக்கும் முப்பது பிள்ளைகளின் கண்ணும் அங்கேதான்.

2017-ல் உலகம் முழுவதும் ஸ்பின்னர் மோகம் வந்தபோது, கவனத்தைக் கூட்டும், பதற்றத்தைக் குறைக்கும் என்று சொல்லியே விற்றார்கள். அப்படிச் சொல்ல அன்று ஆய்வு எதுவும் கையில் இல்லை. பிறகு வகுப்பறையில் வைத்துச் சோதித்தபோது, கவனக்குறைவு உள்ள சிறு பிள்ளைகள்கூட ஸ்பின்னர் சுற்றும் நேரத்தில் பாடத்தைக் குறைவாகத்தான் கவனித்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒளிப்பதிவில் பாடம் காட்டிச் சோதித்ததிலும், ஸ்பின்னர் வைத்திருந்தவர்களுக்கு நினைவில் நின்றது குறைவு.

அதற்காக 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று பழைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடவும் கூடாது. 8 முதல் 12 வயதுள்ள பையன்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. கவனக்குறைவும் மிகை இயக்கமும் உள்ள பையன்கள், உடம்பை அசைத்துக்கொண்டிருந்தபோது எண்களை மனதில் வைத்து வரிசைப்படுத்துவது போன்ற வேலைகளை நன்றாகச் செய்தார்கள். அந்தக் குறைபாடு இல்லாத பையன்களுக்கு இது பொருந்தவில்லை. ஆக, எல்லாப் பிள்ளைக்கும் ஒரு ஃபிட்ஜெட் வாங்கித் தர வேண்டியதில்லை, சில பிள்ளைகளிடமிருந்து அசைவைப் பறிக்கவும் கூடாது. 2009-ல் இங்கிலாந்தில் பெரியவர்கள் 40 பேரை வைத்து வேறொரு சோதனை செய்தார்கள். சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே தாளில் அச்சிட்டிருந்த வடிவங்களுக்கு நிழல் தீட்டியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 விழுக்காடு அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். இங்கேயும் கை செய்த வேலை யோசனை கேட்காத வேலை.

எதை வாங்குவது என்பதற்கு முன் மூன்று நாள் எதையும் வாங்காமல் அவனைப் பாருங்கள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். எந்த நேரத்தில், எந்தப் பாடத்தில், கையில் என்ன செய்கிறான் என்று குறியுங்கள். 'சேட்டை' என்று எழுதாதீர்கள். கிள்ளினானா, அழுத்தினானா, திருகினானா, தேய்த்தானா, கடித்தானா, காலை ஆட்டினானா என்று வினைச்சொல்லாக எழுதுங்கள். கை எதைத் தேடுகிறதோ அதையே சத்தமில்லாத, ஆபத்தில்லாத, கண்ணை இழுக்காத வடிவத்தில் கொடுப்பதுதான் வேலை. உங்கள் மகன் விஷயத்தில் பாதி விடையை நீங்களே கேள்வியில் எழுதிவிட்டீர்கள்: கிள்ளுகிறான், திருகுகிறான், கடிக்கிறான்.

கிள்ளுகிற கைக்கு நான் முதலில் சொல்வது மேசையின் அடிப்பக்கம் ஒட்டும் வெல்க்ரோ துண்டு. தையல் சாமான் கடையில் முழக்கணக்கில் கிடைக்கும். சொரசொரப்பான பக்கத்தை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, அவன் உட்காரும் இடத்தில் பலகைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். யாருக்கும் தெரியாது, தொலையாது, பறக்காது, அடுத்தவன் கேட்க மாட்டான். தரையில் உட்கார்ந்து எழுதும் பிள்ளை என்றால் பரீட்சை அட்டையின் பின்புறம் ஒட்டலாம். முரட்டுப் பருத்திக் கயிறு ஒன்றில் ஏழெட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாலும் விரல் அதை நெருடிக்கொண்டே இருக்கும். கயிறு ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றும் அளவுக்கு எந்தக் கயிறும் கூடாது.

பொத்தானைத் திருகுகிற கைக்குக் கடையில் டாங்கில் என்று ஒன்று இருக்கிறது. வளைந்த சிறு குழாய்த் துண்டுகள் கோத்த வளையம், திருகத் திருக மடங்கும். சத்தமில்லாதது, நல்ல பொருள்தான். ஆனால் மலிவானவை நான்கே நாளில் துண்டு துண்டாகக் கழன்றுவிடும், கழன்ற துண்டை மாட்டுவதே பெரிய விளையாட்டாகிவிடும். வயல் வேலை உள்ள வீடு என்றால் டிராக்டர் சாமான்களிடையே கட்டைவிரல் தடிமனில் பழைய போல்ட்டும் நட்டும் கிடக்கும். கிரீஸ் போகக் கழுவி வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். நட்டை மேலே ஏற்றி இறக்குவது, திருகும் விரல்களுக்கு நான் கண்டதிலேயே நிறைவான வேலை. எறிந்தால் மண்டை உடையும், அதனால் அது வீட்டோடு சரி.

அழுத்துகிற பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெஸ் பால் என்னும் மெத்துப் பந்தை வாங்குவார்கள். பலூனுக்குள் மாவு அடைத்துச் செய்யும் பந்தும் இப்போது பலர் செய்கிறார்கள். எட்டு வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருக்கும் வீட்டில் பலூனைத் தவிர்த்துவிடுங்கள், கிழிந்த பலூன் துண்டு தொண்டையை அடைக்கும். நான் சொல்வது உளுந்துப் பை. நம் பக்கம் சம்பா தாளடி முடிந்ததும் உளுந்தும் பயறும் தெளிக்காத ஊர் எது? நன்றாகக் காய்ந்த உளுந்து இரண்டு கைப்பிடி எடுத்து, உள்ளங்கை அளவு கெட்டித் துணிப் பையில் முக்கால் பாகம் நிரப்பி, சுற்றிலும் இரட்டைத் தையல் போட வேண்டும். 'இரட்டை' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதன்முதலில் ஒரு பையனுக்கு நானே ஒற்றைத் தையலில் தைத்துக் கொடுத்தேன். கணக்கு வகுப்பில் பை பிரிந்து, பாதி வகுப்பு பெஞ்சுக்கு அடியில் உளுந்து பொறுக்கியது. அந்த ஆசிரியர் ஒரு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்னொன்று, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பையைப் பிரித்து உளுந்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டு விழும்.

தேய்க்கிற பிள்ளைகள் தனி ரகம். வழவழப்பைத் தேடுவார்கள், அம்மாவின் முந்தானைக் கரையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறவர்கள். ஒரு சிறுமிக்கு, அவள் அப்பாயி திருபுவனம் பட்டில் வெட்டி விழுந்த துண்டு ஒன்றைச் சீருடைப் பைக்குள் வைத்துத் தைத்துவிட்டார். கை பைக்குள் இருக்கும், முகம் கரும்பலகையில் இருக்கும். இவ்வளவு தொழில் படித்துவிட்டு எனக்கு அது தோன்றவில்லை.

கடிக்கிறான் என்பதைக் கையோடு சேர்க்காதீர்கள். அது தாடை கேட்கிற வேலை. பாடத்துக்கு உட்காரும் முன் வறுத்த வேர்க்கடலை, கெட்டி முறுக்கு, கேரட் என்று கடித்து மெல்ல வேண்டியதைக் கொடுங்கள். படிக்கும்போது உறிஞ்சிக் குடிக்கும் பாட்டிலில் தண்ணீர் வைத்தால், தண்ணீர் சாக்கில் எழுந்து போவதும் குறையும். பென்சில் மட்டுமல்லாமல் மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு, ஊறாத அரிசி என்று தின்கிறான் என்றால் பொம்மையை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகள் அப்படித் தின்பது உண்டு, ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

காலாட்டும் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து படிப்பவன் என்றால், பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் உயரத்தில் நாற்காலியின் முன்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள். காலால் அதைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டே எழுதுவான். செலவு இல்லை, சத்தம் இல்லை. கால் தரையில் எட்டாமல் தொங்குகிறதா என்றும் பாருங்கள். தொங்கும் காலோடு எந்தப் பிள்ளையும் நிலையாக உட்காராது. ஒரு மணையைக் காலுக்கு அடியில் வைத்தாலே பாதிச் சேட்டை நின்றுவிட்ட வீடுகள் உண்டு. திண்ணை உள்ள வீடு என்றால் அதன் ஓரமாக நின்றுகொண்டே எழுதட்டும். உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

கடைச் சாமான்களில் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குமிழ்களை அழுத்தி அழுத்தி விளையாடும் பாப் இட் வீட்டில் இருக்கட்டும், வகுப்பில் அந்தச் சத்தம் ஆசிரியரின் பொறுமையைத்தான் சோதிக்கும். ஃபிட்ஜெட் க்யூபில் ஆறு பக்கம் இருக்கும், அதில் ஒன்றிரண்டு பக்கமாவது 'டிக் டிக்' என்று சொல்லும், பிள்ளைக்கு மற்ற பக்கமெல்லாம் மறந்துபோகும். வலைக்குழாய்க்குள் ஒரு கோலிக்குண்டை அடைத்து விற்கிறார்களே, அது நல்லது: அங்குமிங்கும் தள்ளலாம், வெளியே வராது, கேட்காது. ஸ்லைம் என்னும் கொழகொழப்பான பசை பாட நேரத்துக்கு வேண்டவே வேண்டாம், புத்தகம் முழுக்க ஒட்டும்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைச் சிலர் கேட்கிறார்கள், நம் ஊர்ப் பொருள்தானே என்று. அது முழுக்க முழுக்கக் கண்ணுக்கானது, பாடத்துக்கு ஆகாது. ஆனால் பிள்ளை கோபத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது அதை ஒருமுறை சாய்த்துவிட்டு, அது ஆடி அடங்கும்வரை மூச்சை மெதுவாக விடச் சொல்லலாம். நான் அறையில் ஒன்று வைத்திருக்கிறேன், பெரும்பாலும் பெற்றோருக்குத்தான் பயன்படுகிறது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். அப்பா வாங்கிய அந்த விளக்கு ஸ்பின்னருக்குள் பெரும்பாலும் பொத்தான் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே சதை வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். சந்தேகம் வந்தால்கூட, வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். சிறு காந்த உருண்டைகள் இன்னும் மோசம்: இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் உருண்டைகள் வயிற்றுக்குள்ளும் பெருக்கும். இந்த மூன்றும் என் அறைக்குள் வருவதில்லை. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் விற்பவற்றில் எத்தனையில் அது இருக்கிறது என்று நீங்களே திருப்பிப் பாருங்கள்.

பொருள் முடிவானதும் நேராகப் பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். எதுவும் புதிதாக இருக்கும்வரை கண் அங்கேதான் போகும். பூக்கட்டக் கற்றுக்கொள்ளும் பெண்ணும் முதல் நாட்களில் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். ஒரு வாரம் வீட்டில் ஆசைதீர வைத்து விளையாடட்டும், சலிக்கட்டும். பிறகு ஒரு சோதனை: பொருள் அவன் கையில் இருக்க, ஐந்து வரிக் கதை ஒன்றைப் படித்துக் காட்டி இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் சொன்னான், கண் கீழே போகவில்லை என்றால் அந்தப் பொருள் தேறிவிட்டது. கதையை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றி உங்களிடம் பேச ஆரம்பித்தால் தேறவில்லை.

அவனோடு ஓர் ஒப்பந்தமும் வேண்டும், அவன் வாயாலேயே சொல்லும்படி சின்னதாக. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இது: "கண்ணுக்குப் போனால், காற்றில் பறந்தால், பக்கத்து ஆளிடம் போனால் பைக்குள்." பைக்குள் என்றால் அந்தப் பாடவேளை முடியும்வரைதான், அடுத்த பாடத்தில் திரும்பவும் எடுக்கலாம். வேறு தப்புக்குத் தண்டனையாக இதைப் பறிக்காதீர்கள், நன்றாகப் படித்ததற்குப் பரிசாகவும் ஆக்காதீர்கள். மூக்குக்கண்ணாடியைப் பரிசாகக் கொடுப்பதில்லை அல்லவா?

பலன் இருக்கிறதா என்று மனக்கணக்கில் முடிவு செய்ய வேண்டாம். அதே நாட்காட்டித் தாளில் பதினைந்து நிமிட வீட்டுப்பாடத்துக்குள் 'எழுது' என்று எத்தனை முறை நினைவூட்டினீர்கள், எத்தனை முறை எழுந்து போனான் என்று கோடு போடுங்கள். பொருள் கொடுப்பதற்கு முன் மூன்று நாள், கொடுத்த பின் இரண்டு வாரம். கோடு குறையவில்லை என்றால் பொருளை மாற்றுங்கள். இரண்டு மூன்று மாற்றியும் குறையவில்லை என்றால் இந்தப் பிள்ளைக்கு ஃபிட்ஜெட் வழி இல்லை என்று விட்டுவிடுங்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளால் முழு உடம்பின் பசியை அடக்கவும் முடியாது. பள்ளி வேனிலிருந்து இறங்கி, காப்பி குடித்து, நேரே டியூஷனுக்குப் போகிற பிள்ளை எப்போது ஓடும்? பாடத்துக்கு முன் இருபது நிமிடம் கனமான வேலை கொடுங்கள்: குடத்தில் தண்ணீர் தூக்குவது, மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப் போடுவது, மூட்டையைத் தள்ளுவது, தோப்பில் விழுந்த மட்டையை இழுத்து வருவது. தசைக்கும் மூட்டுக்கும் பாரம் ஏறினால் உடம்பு அமரும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நீச்சலைப் போல வேறில்லை, பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீரில் நின்றால் மட்டும். தூக்கத்தையும் கணக்குப் பாருங்கள். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். இரவு பதினொரு மணிவரை கைபேசி பார்த்துவிட்டுக் காலை ஆறுக்கு எழுகிற பிள்ளைக்கு நான் என்ன பொம்மை எழுதிக் கொடுப்பது?

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். வீட்டில் மட்டும் இப்படி, பள்ளியில் சமர்த்து என்றால் வீட்டுப் பாட நேரத்தில்தான் ஏதோ சரியில்லை. வீடு, பள்ளி இரண்டிலும், ஆறு மாதத்துக்கு மேல், படிப்பையும் நட்பையும் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் ஏ.டி.ஹெச்.டி., அதாவது முன்பு சொன்ன கவனக்குறைவும் மிகை இயக்கமும், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்வையும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று சோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும் ரப்பரைத்தான் கிள்ளும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் டி.இ.ஐ.சி. என்னும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கும் திட்டத்தின் கீழ் வருவது அது. உங்கள் வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

கடைசியாக ஆசிரியர். பொருளை மகன் பையில் போட்டு அனுப்பிவிட்டு, அவன் மூலமாகத் தகவல் சொல்லாதீர்கள். நீங்களே நேரில் போங்கள். 'டாக்டர் சொன்னார்' என்று ஆரம்பிக்காமல், மூன்று நாள் எழுதிய தாளைக் காட்டுங்கள், உளுந்துப் பையையோ முடிச்சுக் கயிற்றையோ அவர் கையில் கொடுங்கள். போன ஆண்டு ஒரு தாயோடு நானும் போயிருந்தேன். வகுப்பில் இதையெல்லாம் அனுமதிக்க முடியாது, கவனம் சிதறும் என்று அந்த ஆசிரியர் கால் மணி நேரம் தெளிவாக, கோவையாக எங்களுக்கு விளக்கினார். அவ்வளவு நேரமும் உளுந்துப் பை அவர் உள்ளங்கையில் உருண்டுகொண்டே இருந்தது. ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. அந்தத் தாய்தான் மெதுவாகச் சொன்னார், "சார், அதைத் திருப்பிக் கொடுங்கள், பையன் கேட்பான்."